இணையவழிச் சுயமுன்னேற்ற வகுப்பு: நடத்த விரும்புவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தமிழில் இணையவழிச் சுயமுன்னேற்ற வகுப்பு தொடங்க விரும்பும் ஆசிரியர்கள், மனிதவளத் துறையினர், ஓய்வு பெற்ற அலுவலர்கள், இல்லத்தரசிகள் எனப் பலரும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். அடிப்படையானவை முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன. சட்டம், வரி பற்றிய விடைகள் தமிழ்நாட்டிலிருந்து வகுப்பு நடத்துவோருக்கு உரியவை.

1. சுயமுன்னேற்ற வகுப்பு என்றால், மேடையில் ஊக்கமாகப் பேசுவதையே இணையத்தில் பேசுவதுதானா?

இல்லை. ஊக்கப் பேச்சு கேட்பவரின் மனநிலையைச் சில மணி நேரத்துக்கு உயர்த்துகிறது. வகுப்பின் வேலை, பங்கேற்பாளர் தம் அன்றாட வாழ்வில் செய்து பார்க்கக்கூடிய சில பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்து, அவை அவருக்குக் கைவரும் வரை உடன் நிற்பது. பேச்சு நன்றாக இருந்ததா என்பதைக் கைதட்டல் சொல்லிவிடும். வகுப்பு நன்றாக இருந்ததா என்பது, அது முடிந்து இரண்டு மாதம் கழித்தும் அந்தப் பயிற்சிகளில் ஒன்றையாவது அவர் செய்துகொண்டிருக்கிறாரா என்பதில்தான் தெரியும்.

இன்று இத்தகைய வகுப்புகள் பலவற்றுக்கு அடிப்படையாக இருப்பது நேர்மறை உளவியல். 1998-இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக இருந்த மார்ட்டின் செலிக்மன், மனக்கோளாறுகளிலேயே கருத்தைச் செலுத்தி வந்த தம் துறை, மனிதர்களிடம் நன்றாக இருப்பவற்றையும் அதே கவனத்துடன் ஆராய வேண்டும் என்று வலியுறுத்தினார். எப்போதும் மகிழ்ச்சியாக இருக்கும்படி இத்துறை யாரையும் கேட்பதில்லை. எந்தப் பயிற்சி, யாருக்கு, எவ்வளவு காலம் உதவுகிறது என்று சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. வகுப்பு நடத்துபவருக்கு முதலில் வேண்டியது இந்தச் சோதிக்கும் மனப்பான்மையே என்பது என் உறுதியான எண்ணம்.

2. எனக்கு உளவியல் பட்டம் இல்லை. நான் நடத்தலாமா?

நடத்தலாம். சுயமுன்னேற்றப் பயிற்சி அளிக்க இந்தியாவில் தனி உரிமம் எதுவும் கேட்கப்படுவதில்லை. ஆனால் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய, 1992-ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டத்தின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆகவே அந்தப் பெயரையோ, அந்தப் பொருள் தரும் வேறு பட்டங்களையோ உங்கள் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளக் கூடாது. "மனச்சோர்வைக் குணப்படுத்துகிறோம்", "பதற்ற நோய்க்கு நிரந்தரத் தீர்வு" என்று எழுதவும் கூடாது. நீங்கள் கற்றுக்கொடுப்பது பயிற்சி. சிகிச்சை அளிப்பது வேறொருவரின் பணி.

பட்டத்துக்கு ஈடாக உங்களிடம் இருக்க வேண்டியவை இரண்டு. கற்றுக்கொடுக்கப்போகும் ஒவ்வொரு பயிற்சியையும் நீங்களே சில மாதங்களாவது செய்திருக்க வேண்டும். எந்த நாளில் சலிப்பு வருகிறது, எந்தக் கேள்விக்கு எழுத எதுவும் தோன்றுவதில்லை என்பதெல்லாம் செய்து பார்த்தவருக்கே தெரியும். அடுத்ததாக, ஐயம் வரும்போது கலந்து பேசவும், தேவைப்படுவோரை அனுப்பவும் ஒரு மனநல மருத்துவரோ மருத்துவ உளவியலாளரோ உங்களுக்கு அறிமுகமாகியிருக்க வேண்டும். வகுப்பை அறிவிப்பதற்கு முன்பே அவரைச் சந்தித்து ஒப்புதல் பெற்றுவிடுங்கள்.

3. நேரில் பார்த்துப் பேசினால்தானே மனம் மாறும்? இணையத்தில் இதெல்லாம் பலிக்குமா?

பலிக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. செலிக்மனும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வொன்று இணையத்தின் வழியாகவே நடத்தப்பட்டது. 577 பேர் அதில் சேர்ந்தார்கள். ஒரு வாரம் செய்வதற்கென ஆளுக்கொரு பயிற்சி தரப்பட்டது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு குழுவுக்கு, சிறுவயது நினைவுகளை இரவில் எழுதும் வேலை மட்டும் தரப்பட்டது. அன்று நடந்த மூன்று நல்லவற்றைக் காரணத்துடன் எழுதுவது, தம் முதன்மையான பண்பு வலிமையை (நேர்மை, கருணை போன்ற நற்பண்பை) புதிய வழியில் பயன்படுத்துவது ஆகிய இரு பயிற்சிகளின் பலன் ஆறு மாதம் வரை காணப்பட்டது. நன்றி தெரிவிக்கும் கடிதத்தை ஒருவரிடம் நேரில் கொண்டுபோய் வாசித்துக் காட்டிய குழுவினருக்குத் தொடக்கத்தில் மிகப் பெரிய மாற்றம் தெரிந்தாலும், அது ஒரு மாத அளவிலேயே நீடித்தது.

அந்த ஆய்வில் நமக்கு மிகவும் பயன்படும் செய்தி வேறொன்று. ஒரு வாரம் போதும் என்று சொல்லப்பட்டிருந்தும், தாமாகவே பயிற்சியைத் தொடர்ந்தவர்களே நீண்ட காலப் பலனைக் கூடுதலாகப் பெற்றார்கள். ஆகவே திரை வழியே நடக்கிறதா, கூடத்தில் நடக்கிறதா என்பதைவிட, வகுப்பு முடிந்த பிறகு பங்கேற்பாளர் என்ன செய்கிறார் என்பதே முக்கியம். அதே சமயம், தாமாக முன்வந்து சேர்ந்தவர்களிடம் எடுக்கப்பட்ட ஆய்வு இது என்பதை மறக்கக் கூடாது. நிறுவனம் கட்டாயப்படுத்தி அமரவைத்த ஊழியர்களிடம் இதே பலனை எதிர்பார்ப்பதற்கு அதில் இடமில்லை.

4. பாடத்திட்டத்தில் எவற்றைச் சேர்க்க வேண்டும்? என்னிடம் நிறைய தலைப்புகள் இருக்கின்றன.

தலைப்புகளைக் குறையுங்கள். ஆறு வார வகுப்புக்கு நான்கு பயிற்சிகள் போதும். நான் பரிந்துரைப்பவை: மூன்று நல்லவை எழுதுதல், பண்பு வலிமைகளை அறிந்து பயன்படுத்துதல், "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டித் திட்டமிடுதல், விருப்பத்தையும் அதற்குத் தடையாக இருப்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்த்தல்.

மூன்று நல்லவை எழுதும் பயிற்சி எளிதாகத் தோன்றுவதாலேயே பலரும் அதைப் பாதியளவு மட்டும் கற்றுக்கொடுக்கிறார்கள். "இன்று மாமியார் என் சமையலைப் பாராட்டினார்" என்று எழுதி நிறுத்திக்கொண்டால் அது நாட்குறிப்பாகிவிடும். "ஏன் பாராட்டினார்?" என்ற கேள்விக்கும் பங்கேற்பாளர் விடை எழுத வேண்டும். "நேற்று அவருக்குப் பிடிக்கும் என்று கேட்டுவைத்துக்கொண்டு வத்தக்குழம்பு வைத்தேன்" என்று எழுதும்போது, நல்லது நடந்ததில் தம்முடைய பங்கையும் அவர் பார்க்கிறார். அதிகமாகப் பதறுபவர்களுக்கும் தம்மைத் தாழ்வாக எண்ணுபவர்களுக்கும் இந்த இரண்டாம் பாதியே மருந்துபோல் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். பண்பு வலிமைகளுக்கு, கிறிஸ்டோஃபர் பீட்டர்சனும் செலிக்மனும் 2004-இல் வகுத்த 24 வலிமைகளின் பட்டியல் நல்ல தொடக்கம். தமிழ்ச் சூழலில் விருந்தோம்பல், பெரியோரைப் பேணுதல் போன்றவற்றையும் பங்கேற்பாளர்கள் தம் வலிமையாகச் சொல்வார்கள். பட்டியலில் அதே பெயரில் இல்லை என்பதற்காக அவற்றை மறுக்க வேண்டாம்.

முன்கூட்டித் திட்டமிடும் முறையை ஆராய்ந்தவர் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர். "தினமும் எழுதுவேன்" என்பதைவிட, "இரவு அடுப்படியைத் துடைத்து விளக்கை அணைத்ததும் நோட்டை எடுத்து உட்காருவேன்" என்று இடத்தையும் நேரத்தையும் ஒரு செயலோடு பிணைத்துச் சொல்பவர்கள் சொன்னதைச் செய்யும் வாய்ப்பு கூடுகிறது என்று 94 சோதனைகளைத் தொகுத்து 2006-இல் வந்த ஆய்வு காட்டியது. எனவே எந்தப் பயிற்சியைக் கொடுத்தாலும், அதை எப்போது, எதற்குப் பின் செய்யப்போகிறார் என்பதை வகுப்பு முடியும் முன்பே ஒவ்வொருவரையும் எழுத வையுங்கள்.

5. 21 நாளில் பழக்கம் மாறிவிடும் என்கிறார்களே. "21 நாள் சவால்" என்று விளம்பரம் செய்யலாமா?

வேண்டாம். 21 நாள் என்ற எண், மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவைச் சிகிச்சை மருத்துவர் 1960-இல் எழுதிய குறிப்பிலிருந்து பரவியது. மாறிய முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்றுதான் அவர் சொன்னார். "குறைந்தது" என்ற சொல் உதிர்ந்துபோய், எல்லாப் பழக்கத்துக்கும் அதுவே கணக்கு என்றாகிவிட்டது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து கவனித்ததில், ஒரு செயல் தானாக நிகழும் பழக்கமாக மாற ஏறத்தாழ 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று, கிடைத்த தரவிலிருந்து அவர்கள் கணித்தார்கள். ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். 21 நாள் கெடு வைத்தால், 22-ஆம் நாளும் சிரமப்படும் ஒருவர் தம்மிடம்தான் குறை என்று எண்ணி விலகிவிடுவார். ஆறு வாரம் வகுப்பும், அதன்பின் இரண்டு மாதம் பதினைந்து நாளுக்கொரு சந்திப்பும் வைப்பதே நான் சொல்லும் அமைப்பு.

6. நேரலையாக நடத்துவதா, பதிவு செய்த காணொளிகளைக் கொடுத்துவிடுவதா?

விளக்கங்களைப் பதிவு செய்துவிடுங்கள். ஒவ்வொன்றும் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நேரலையைப் பேசுவதற்கும் கேட்பதற்கும் வைத்துக்கொள்ளுங்கள். காணொளிகளை மட்டும் விற்றால் உங்களுக்கு வேலை குறையும், பங்கேற்பாளருக்குப் பயனும் குறையும். ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய திறந்தநிலை இணையப் பாடங்களைப் பற்றி 2019-இல் வெளியான ஆய்வின்படி, 2017-18-இல் பதிவு செய்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 விழுக்காட்டினரே. பெரும் பல்கலைக்கழகங்களின் பெயரும் தரமும் கூட, துணையில்லாமல் படிப்பவரை இறுதி வரை கொண்டுசெல்வதில்லை.

நேரத்தையும் யோசித்து வையுங்கள். இந்திய நேரம் இரவு 8.30 என்பது இல்லத்தரசிகள் பலருக்கு ஒத்துவரும். அப்போது துபாயில் மாலை 7 மணி, கத்தாரிலும் குவைத்திலும் 6 மணி. ஆனால் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இரவு 11 மணி ஆகிவிடும். இரு திசையிலிருந்தும் ஆட்கள் சேர்ந்திருந்தால், வார இறுதியில் காலை வேளையே ஓரளவு பொதுவானது. இலங்கை நேரத்துக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.

7. ஒரு வகுப்பில் எத்தனை பேர் வரை சேர்க்கலாம்?

ஒருவரே நடத்துவதானால் 25 பேருக்கு மேல் வேண்டாம். அவர்களை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஆறு வாரமும் அதே ஐவர் ஒரு குழுவாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வாரந்தோறும் குழுவை மாற்றினால் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள்.

8. மூன்றாம் வாரத்திலிருந்து பாதிப் பேர் காணாமல் போய்விடுகிறார்கள். என்ன செய்வது?

முதலில், அவர்களைச் சோம்பேறிகள் என்று எண்ணுவதை விட்டுவிடுங்கள். மூன்றாம் வாரத்தில் புதுமை தீர்ந்துவிடுகிறது, ஆனால் பழக்கம் இன்னும் உருவாகவில்லை. ஐந்தாம் கேள்வியில் சொன்ன நாள்கணக்கைப் பார்த்தாலே இது தெரியும். அந்த வாரத்தில் புதிய பாடம் எதையும் நடத்தாமல், இதுவரை எது தடையாக இருந்தது என்பதை மட்டும் பேசுங்கள். இப்படி ஒரு வாரம் வரும் என்பதை முதல் நாளே அறிவித்துவிடுவது இன்னும் நல்லது.

ஒரு வகுப்புக்கு வராதவரை அடுத்த நாளே அழைத்துப் பேசுங்கள். குழுவில் பெயர் போட்டுக் கேட்க வேண்டாம், தனியாக அழையுங்கள். "ஏன் வரவில்லை?" என்று கேட்டால் சாக்குதான் கிடைக்கும். "விட்டுப்போன இடத்தைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிடட்டுமா?" என்று கேட்டால் பெரும்பாலோர் திரும்பி வருவார்கள்.

9. இலவசமாக நடத்தினால் நிறையப் பேர் வருவார்கள் அல்லவா? கட்டணம் எவ்வளவு வைக்கலாம்?

நிறையப் பேர் பதிவு செய்வார்கள், சிலரே வருவார்கள். கட்டணத்துக்குப் பொதுவான தொகை எதையும் என்னால் சொல்ல இயலாது. உங்கள் உழைப்பு நேரம், காணொளிக் கூட்டச் செயலிக்கான சந்தா, தனித்தனியாக அழைத்துப் பேசும் நேரம் ஆகியவற்றைக் கூட்டி, 25 பேரால் வகுத்துப் பாருங்கள். அந்தத் தொகையைக் கொடுக்க இயலாத இரண்டு மூன்று பேருக்கு இடம் ஒதுக்குங்கள். யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பது மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது.

"இன்று இரவுக்குள் கட்டினால் பாதி விலை" என்று அவசரப்படுத்துவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நிதானமாக முடிவெடுக்கக் கற்றுத்தரப்போகும் வகுப்பு, நிதானமில்லாமல் பணம் கட்டும்படி ஒருவரைத் தூண்டக் கூடாது. முதல் வகுப்பு முடிந்தபின் விலக விரும்புவோருக்கு முழுத் தொகையையும் காரணம் கேட்காமல் திருப்பித் தருவதாக எழுத்தில் கொடுங்கள்.

10. ஜிஎஸ்டி கட்ட வேண்டுமா?

தமிழ்நாட்டில் சேவை வழங்குவோரின் ஆண்டு மொத்த வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். இத்தகைய பயிற்சிக்கு வரி 18 விழுக்காடு. உங்களுக்கு வேறு தொழில் வரவு இருந்தால் அதையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். வெளிநாட்டிலிருந்து கட்டணம் வருமானால், தொடங்கும் முன்பே ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

11. யாருமே கேமராவைப் போடுவதில்லை. கட்டாயப்படுத்தலாமா?

கூடாது. நம் வீடுகளில் தனியறை பலருக்கு இல்லை. ஒருவர் படுக்கையறையில் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, இன்னொருவர் மொட்டைமாடியில், வேறொருவர் பணியிட விடுதியில் பலரோடு தங்கியிருக்கும் அறையில் என்று அமர்ந்திருப்பார்கள். முகத்தைக் காட்டாமலே ஒருவர் முழுமையாகப் பங்கேற்க முடியும். ஐவர் குழுவில் பேசும்போது மட்டும், விருப்பமுள்ளவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

பேச இயலாத சூழலில் இருப்பவர்களுக்காக, ஒவ்வொரு கேள்விக்கும் எழுத்தில் விடை அனுப்ப இரண்டு நிமிட அமைதி கொடுங்கள். அந்த அமைதியில் எழுதப்படுபவை, பேசப்படுபவற்றைவிட உண்மையாக இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

12. வாட்ஸ்அப் குழு தொடங்கினால் காலை வணக்கப் படங்களால் நிரம்பிவிடுகிறது. குழு தேவையா?

தேவைதான். ஆனால் அறிவிப்புக் குழுவில் நீங்கள் மட்டுமே எழுதும்படி அமைத்துவிடுங்கள். ஐவர் குழுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். பொதுக் குழுவில் எல்லாருடைய கைப்பேசி எண்ணும் எல்லாருக்கும் தெரியும் என்பதைச் சேரும் முன்பே சொல்லி ஒப்புதல் பெறுங்கள். முன்பின் தெரியாத ஆண்களிடமிருந்து தனிச்செய்தி வருகிறது என்பதாலேயே வகுப்பைவிட்டு விலகும் பெண்கள் உண்டு. அப்படி ஒரு புகார் வந்தால், செய்தி அனுப்பியவரை உடனே நீக்க வேண்டும். இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

13. "நான் வெற்றியாளன்", "எல்லாரும் என்னை விரும்புகிறார்கள்" என்று தினமும் சொல்ல வைக்கலாமா?

எல்லாரையும் சொல்ல வைக்க வேண்டாம். கனடாவில் ஜோஆன் உட்டும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், "நான் அன்புக்குரியவன்" என்ற பொருள்படும் வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, ஏற்கெனவே தன்மதிப்பு உயர்ந்தவர்களுக்குச் சிறிதளவு நன்மை தெரிந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களோ முன்பைவிட மோசமாக உணர்ந்தார்கள். உதவி தேவைப்படுபவர் யாரோ அவருக்கே அது தீங்காகிறது. தாம் நம்பாத ஒன்றைச் சொல்லும்போது, மனம் அதற்கு எதிரான சான்றுகளைத் தேடத் தொடங்கிவிடுகிறது.

வெற்றி பெற்றுவிட்டதாகக் கண்ணை மூடிக் கற்பனை செய்யும் பயிற்சிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இனிய கற்பனை மட்டும் முயற்சியைக் குறைத்துவிடுகிறது என்று உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கனின் ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால்தான் நான்காம் விடையில் விருப்பத்தையும் தடையையும் சேர்த்து நினைக்கும் பயிற்சியைச் சொன்னேன். "அரசுத் தேர்வில் தேறுவேன்" என்று கற்பனை செய்தவர், "மாலையில் கைப்பேசியை எடுத்தால் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது" என்பதையும் உடனே எழுதிவிட்டு, அந்த நேரத்தில் கைப்பேசியை யாரிடம் கொடுத்துவைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

14. கணவரை இழந்த ஒருவர் சேர்ந்திருக்கிறார். அவரிடம் போய் நல்லதையே நினையுங்கள் என்று எப்படிச் சொல்வது?

சொல்லக் கூடாது. துக்கம் திருத்தப்பட வேண்டிய குறை அன்று. அவருக்கு விருப்பமான பயிற்சியை மட்டும் செய்யலாம் என்றும், எந்த வாரமும் எதையும் பகிராமல் அமர்ந்திருக்கலாம் என்றும் தனியாகச் சொல்லுங்கள். குழுவில் யாரேனும் "எல்லாம் நன்மைக்கே" என்று ஆறுதல் சொல்ல முற்பட்டால், மென்மையாக நிறுத்திவிடுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் மேலாளர் இழிவாகப் பேசுகிறார், வீட்டில் அடி விழுகிறது, சாதியின் பெயரால் ஒதுக்குகிறார்கள் என்று ஒருவர் சொல்லும்போது, "உங்கள் பார்வையை மாற்றுங்கள்" என்ற விடை அநீதி செய்தவருக்கே துணைபோகிறது. அவருக்கு வேண்டியது புகார் கொடுக்கும் வழி, சட்ட உதவி, பாதுகாப்பான இடம். குடும்ப வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருப்பது ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும். பண்பு வலிமைகள் அவர் அந்த வழியில் நடக்க உதவலாம், அந்த வழிக்கு மாற்றாக இருக்க முடியாது.

15. வகுப்பின் நடுவே ஒருவர் சாக வேண்டும் போலிருக்கிறது என்று எழுதிவிட்டால் என்ன செய்வது?

வகுப்பைத் துணைப் பயிற்சியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, அவரை உடனே தனியாக அழையுங்கள். இதற்காகவே, தனியாக நடத்துபவரும் நேரலையின்போது உதவிக்கு ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும். "தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். இப்போது அவருடன் யார் இருக்கிறார்கள், அருகில் ஆபத்தான பொருள் ஏதும் உள்ளதா என்று அறிந்துகொள்ளுங்கள். உடனடி ஆபத்து என்று தோன்றினால், அவர் பதிவுப் படிவத்தில் கொடுத்த அவசரத் தொடர்பு எண்ணுக்குப் பேசுங்கள், 108-ஐ அழையுங்கள். அவசரத் தொடர்பு எண்ணும் அவர் இருக்கும் ஊரும் படிவத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட, மத்திய அரசின் தொலைபேசி வழி மனநல உதவியான டெலி மானஸ் சேவையின் எண் 14416. இந்தியாவில் எங்கிருந்தும் இரவு பகலாகக் கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணும், இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணும் உள்ளன. இவற்றை முதல் வகுப்பிலேயே எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள். பிறகு தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. அவரை உரிய மருத்துவரிடம் சேர்த்த பிறகும் ஒருமுறை அழைத்து நலம் கேளுங்கள்.

16. மனநல மருந்து எடுத்துக்கொள்பவர் சேர விரும்புகிறார். சேர்க்கலாமா?

மருத்துவருக்குத் தெரிவித்துவிட்டுச் சேரலாம். வகுப்பில் நன்றாக உணரத் தொடங்கியதும் மருந்தை நிறுத்திவிடலாம் என்ற எண்ணம் சிலருக்கு வரும். அந்த முடிவு மருத்துவருடையது மட்டுமே என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பழைய துயர நிகழ்வுகளை எழுதும் பயிற்சி எதையும் இவர்களுக்கு நீங்களாகக் கொடுக்க வேண்டாம். எழுதி முடித்த சில மணி நேரம் வரை மனம் மேலும் கனத்துப்போகக்கூடிய பயிற்சி அது.

17. "ஆறே வாரத்தில் வாழ்க்கை தலைகீழாக மாறும்" என்று போடாவிட்டால் யார் சேருவார்கள்?

உண்மையான பலன் எந்த அளவில் இருக்கும் என்பதைப் பாருங்கள். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் சுமார் 12,000 பேரிடம், அறிவுத்திறன் வளரக்கூடியது என்று புரியவைக்கும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவான இணையப் பயிற்சி சோதிக்கப்பட்டது. 2019-இல் வெளியான முடிவின்படி, குறைந்த மதிப்பெண் எடுத்துவந்தவர்களின் தரப்புள்ளி, அதாவது பாடங்களின் சராசரி மதிப்பீடு, 0 முதல் 4.3 வரை கணக்கிடும் அளவில், 0.1 உயர்ந்தது. தலைகீழ் மாற்றம் இல்லை, ஆனாலும் அத்தனை குறைந்த செலவில் கிடைத்த அந்தச் சிறு உயர்வு மதிக்கத்தக்கது. "தினமும் பத்து நிமிடம் செய்யக்கூடிய நான்கு பயிற்சிகளைக் கற்றுக்கொள்வீர்கள், அவற்றைத் தொடர நாங்கள் துணை நிற்போம்" என்று எழுதுங்கள். அதை நம்பி வருபவர்களே தங்குவார்கள்.

சட்டமும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. பங்கேற்பாளரின் பாராட்டுரையை வெளியிடும்போது அவருடைய எழுத்துமூல ஒப்புதல் வேண்டும், அவர் சொல்லாத சொல்லைச் சேர்க்கக் கூடாது. அழுதுகொண்டே நன்றி சொல்லும் காணொளியை, அவரே ஒப்புக்கொண்டாலும், வெளியிட வேண்டாம் என்பேன். நெகிழ்ந்த நேரத்தில் கொடுத்த ஒப்புதல், சில மாதம் கழித்து வருத்தமாக மாறலாம்.

18. பலன் கிடைத்ததா என்று எப்படி அளப்பது? எல்லாரும் அருமை என்றுதான் எழுதுகிறார்கள்.

"வகுப்பு பிடித்ததா?" என்ற கேள்விக்கு அந்த விடைதான் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலவாழ்வு அளவுகோலைப் பயன்படுத்துங்கள். கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஐந்து கூற்றுகளுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகையை 4-ஆல் பெருக்கினால் 100-க்கு எவ்வளவு என்று தெரியும். தொடக்கத்தில், முடிவில், இரண்டு மாதம் கழித்து என மூன்று முறை நிரப்பச் சொல்லுங்கள். யாருக்காவது மிகக் குறைவான மதிப்பெண் வந்தால், பதினைந்தாம் விடையில் சொன்ன கவனத்துடன் தனியாகப் பேசுங்கள்.

முடிவைப் படிக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். மனம் தளர்ந்திருக்கும் நேரத்தில்தான் பலர் இத்தகைய வகுப்பைத் தேடி வருகிறார்கள். அவர்களில் சிலர் எந்த வகுப்பும் இல்லாமலேயே இரண்டு மாதத்தில் தேறியிருப்பார்கள். அடுத்த வகுப்புக்குப் பெயர் கொடுத்துக் காத்திருப்பவர்களிடமும் அதே படிவத்தை நிரப்பச் சொல்லி ஒப்பிட்டால், உங்கள் பங்கு எவ்வளவு என்பது ஓரளவு தெளிவாகும். இடையில் விலகியவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு விழுக்காடு போடுவது நேர்மையாகாது.

19. இன்று ஆய்வு என்று சொல்வதை நாளை பொய் என்கிறார்கள். எதை நம்பிக் கற்றுக்கொடுப்பது?

நியாயமான கேள்வி. ஓர் எதிர்மறை உணர்வுக்கு 2.9013 நேர்மறை உணர்வுகள் இருந்தால் மனிதர் தழைப்பார் என்று 2005-இல் பார்பரா ஃபிரெட்ரிக்சனும் மார்சியல் லொசாடாவும் எழுதியதை உலகெங்கும் பயிற்சியாளர்கள் "மூன்றுக்கு ஒன்று" என்று கற்றுக்கொடுத்தார்கள். 2013-இல் நிக்கோலஸ் பிரவுன், ஆலன் சோக்கல், ஹாரிஸ் ஃபிரீட்மன் ஆகியோர் அந்தக் கணக்குக்கு அடிப்படையே இல்லை என்று நிறுவினார்கள். அந்தக் கணிதப் பகுதி விலக்கிக்கொள்ளப்பட்டது. உணர்வுகளுக்குத் தசமப் புள்ளி வரை துல்லியம் சொல்லும் எதையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும் என்பதே இதில் நமக்கான பாடம்.

ஒரே ஓர் ஆய்வை நம்பிப் பாடம் அமைக்காதீர்கள். பல குழுக்களால் பலமுறை சோதிக்கப்பட்டதும், பலிக்காவிட்டாலும் தீங்கு செய்யாததுமான பயிற்சிகளைத் தேர்ந்தெடுங்கள். ஏதேனும் ஒன்று பிற்காலத்தில் மறுக்கப்பட்டால், முன்பு படித்தவர்களுக்கும் அதைத் தெரிவித்துவிடுங்கள். அப்படிச் செய்யும் பயிற்சியாளர்மேல் நம்பிக்கை கூடவே செய்கிறது.

20. பங்கேற்பாளர்கள் எழுதி அனுப்பும் சொந்த விஷயங்களை என்ன செய்வது? பள்ளி மாணவர்களைச் சேர்க்கலாமா?

மூன்று நல்லவை எழுதும் நோட்டை உங்களுக்கு அனுப்பவே தேவையில்லை. எழுதினாரா இல்லையா என்பது மட்டும் உங்களுக்குத் தெரிந்தால் போதும். கேட்டுப் பெறாத தகவலைப் பாதுகாக்கும் சுமையும் இல்லை. ஐவர் குழு உரையாடல்களைப் பதிவு செய்யாதீர்கள். 2023-ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எந்தத் தகவலை எதற்காகப் பெறுகிறோம் என்று தெளிவாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும் என்கிறது. அந்த அறிவிப்பைத் தமிழிலேயே கொடுங்கள்.

அதே சட்டத்தில் 18 வயது நிறையாதவர் குழந்தையாகவே கருதப்படுகிறார், பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். பெரியவர்களும் சிறுவர்களும் ஒரே வகுப்பில் இருப்பது எந்த நிலையிலும் சரியன்று. மாணவர்களுக்குத் தனி வகுப்பு, தனிப் பாடம், உடன் இன்னொரு பெரியவர் என்ற ஏற்பாடு இல்லாமல் தொடங்க வேண்டாம்.

21. ஒரே நபர் மூன்றாவது முறையாகச் சேர்கிறார். "உங்கள் குரலைக் கேட்டால்தான் நிம்மதி" என்கிறார். இது வெற்றிதானே?

இந்த நிலை என்னைக் கவலைகொள்ள வைக்கிறது. பயிற்சி அவர் கையில் இருக்க வேண்டும், அது உங்கள் குரலில் தங்கிவிட்டது. முதல் நிலை, இரண்டாம் நிலை, மேல்நிலை என்று படிகள் அமைத்துக் கட்டணத்தை உயர்த்திக்கொண்டே போகும் அமைப்பு, இப்படிப்பட்டவர்களை நம்பியே நடக்கிறது. வருமானம் வருகிறது என்பதால் அதைப் பார்க்காமல் இருந்துவிடக் கூடாது.

அவரைத் தனியாக அழைத்து, முந்தைய வகுப்பில் கற்ற எந்தப் பயிற்சியை இப்போது செய்கிறார் என்று கேளுங்கள். எதையும் செய்யவில்லை என்றால், ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு மாதம் செய்யச் சொல்லி, பதினைந்து நாளுக்கொரு முறை நடக்கும் பழைய மாணவர் சந்திப்புக்குக் கட்டணமின்றி வரச் சொல்லுங்கள். செய்தும் நிம்மதியில்லை என்றால், அவருக்கு வேறு உதவி தேவைப்படலாம். இரண்டாம் விடையில் சொன்ன மருத்துவரின் எண்ணை அப்போதே கொடுத்து, முதல் சந்திப்புக்கு நேரம் வாங்கித் தாருங்கள். மூன்றாம் முறைக்காக அவர் கட்டிய தொகையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.